அந்தோணியார் காலடியில் ஒரு செக்

குவாஹாத்தி

அன்புள்ள அம்மாவுக்கு ஆன்சி எழுதுவது. நான் நலம், ஆஸ்பத்திரி வேலையும் நன்றாகப் போகிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் தபாலில் அனுப்பிய செக் ஏன் இன்னும் பாஸாகவில்லை என்று இங்கே பேங்கில் கேட்டேன். "உள்ளூர் செக்கோ வெளியூர் செக்கோ, இப்போது போட்ட அன்றே பாஸாகிவிடும். உங்கள் வீட்டில் இன்னும் போடவே இல்லை" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். "அந்தோணியார் காலடியில வெச்சு, செவ்வாக்கெழம பூச முடிஞ்சுதான் போடோணும் சாமி" என்பீர்களே!

ஜவ்வரிசி வடகம் அனுப்புங்கள். கொஞ்சம் போதும், கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை.

டியூட்டிக்கு நேரமாகிறது. பேங்குக்கு அவசரப்பட வேண்டாம். அந்தச் செக்கில் என் கையெழுத்தாவது இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் அது நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகள்
ஆன்சி