செல்வி இனி தூது போக மாட்டாள்

என் அன்பான இசக்கி அக்காவுக்கு,

"அக்கா" என்று எழுதிவிட்டேன் பார். நீ உயிரோடு இருந்த கடைசிப் பதினோரு வருஷமும் உன் முகத்தைப் பார்த்து இந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. பேத்திக்கு மலையாளம்தான் எழுத வரும். அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டார்கள். எனக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அண்ணனும் தம்பியும் பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்றார்கள். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். ஒரே முற்றம், ஒரே கக்கூஸ், இரண்டு அடுப்பு. என் மகன் காதுகுத்து விருந்தில் நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது சொதியா, கஞ்சித்தண்ணியா?" என்றாய். பந்தியில் பதினேழு பேர். நீ உடுத்தியிருந்தது கிளிப்பச்சைச் சேலை, முந்தானையில் இரண்டு இடத்தில் தையல். உன் புருஷனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன்.

பிறகு நம் பேச்சையெல்லாம் உன் மகள்தான் சுமந்தாள். நீ இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "செல்வி, குழாயில தண்ணி வருதுன்னு உங்க சித்திகிட்ட சொல்லு" என்பாய். நான், "எனக்குக் காது கேக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லுட்டி" என்பேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஒருநாள் காலையில் உனக்குப் பின்னால் கக்கூஸுக்குப் போனேன். சிமெண்டில் ரத்தம். உனக்குத் தீட்டு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது, அது எனக்குத் தெரியும். வெளியே வந்தேன். நீ கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். செல்வி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடலில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். அன்று காலையில் நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

இப்போது எனக்குச் சர்க்கரையோடு கிட்னியும் பழுது. குழம்பு, மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர். நம் கக்கூஸுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டாயிற்று. நான் சரியாகக் கழுவாமல் விட்ட ஒரு துளியை அதில் செல்வி பார்த்துவிட்டாள். நேராக என் கட்டிலுக்கு வந்தாள்.

"சித்தி, எத்தன நாளாட்டு ரத்தம் போவுது?"

"மூலம்டி. ஒனக்கெதுக்கு அது?"

"எங்கம்மாவும் மூலம்னுதான் சொன்னா."

நாலு மாதமாக மறைத்ததைச் சொல்லிவிட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்றார்கள்.

கழக்கூட்டத்தில் குடியிருக்கிற என் மகன் போனில், "இந்த வயசுல இது வேணுமாம்மா? இருக்குற கிட்னியும் போயிராதா?" என்றான். எனக்கும் அதே பயம்தான். குடல் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். செய்வதும் விடுவதும் என் இஷ்டமாம். ஆனால் உள்ளே பார்க்காமல் மூலம் என்று அவர் சொல்ல மாட்டாராம். உன் சிமெண்டுத் தரை கண்ணுக்கு முன்னால் வந்தது. செய்கிறேன் என்றேன்.

எப்படிச் செய்வது என்பதில்தான் இழுபறி. வயிற்றைக் கழுவ இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று கிட்னி டாக்டர் சொல்லியிருக்கிறாரே? "அவரைக் கேட்டுட்டு வாங்க" என்றார் குடல் டாக்டர். கிட்னி டாக்டர் மேல்மாடியில். "என்ன மருந்துன்னு அவரைக் கேட்டுட்டு வாங்க" என்றார். மூன்றாம் தடவை படியேறியதும் செல்வி அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"எனிக்கினி வய்யா சாரே! சின்ன வயசுல எங்கம்மாவுக்கும் சித்திக்கும் நடுவுல இந்த வேலையத்தான் பார்த்தேன். இனி முடியாது. நீங்க ரெண்டு பேரும் நேரா பேசுங்க."

அவர் சிரித்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். இரண்டே நிமிஷம் பேசினார்கள் அக்கா. இரண்டே நிமிஷம்.

கிட்னிக்கு ஆகாத பேதி மருந்து ஒன்று உண்டாம், அதை விலக்கினார்கள். வேறு பொடி. அது உள்ளே தங்காது, குடித்தது குடித்தபடி வெளியே போய்விடுமாம். ஆனாலும் வீட்டில் வைத்துக் குடிக்க வேண்டாம் என்று முதல் நாளே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, இன்சுலினைக் குறைத்து, அடிக்கடி சர்க்கரை பார்த்தார்கள். சாயங்காலம் பாதி, காலையில் பாதி. அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்திருந்தால் என் சொதியைப் பிரசாதம் என்றிருப்பாய். "பேடிக்கண்டா அம்மே, கேட்டோ" என்று, பயப்படாதே என்று நர்ஸ் முதுகைத் தடவினாள்.

தூங்கி விழித்தேன், எல்லாம் முடிந்திருந்தது. காளான் மொட்டு மாதிரி ஒன்று இருந்ததாம். வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டது இல்லை என்று சேதி வந்தது. கிட்னியும் இருந்தபடியே இருக்கிறது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு பசித்துச் சாப்பிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். என் ஓரகத்திக்கு என்றேன். "அவங்க உங்களுக்கு ரத்த உறவு இல்லையே" என்றவர், செல்வியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அவங்க மகளா? நீங்க செஞ்சு பார்த்தாச்சா?" அவள் என் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

நேற்று அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதே கொடி. நேராகப் போய் நின்றேன்.

"ஏட்டி, நீ எப்போ போவப் போற?"

"பயமாருக்கு சித்தி."

"பழுதான கிட்னிய வச்சிக்கிட்டு நானே குடிச்சாச்சு. ஒனக்கென்னட்டி?"

ஈரத்துணியை என் தோளில் போட்டுவிட்டு அழுதாள். பிறகு சரி என்றாள். வரும் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.

அவள் குடிக்கும் ஒவ்வொரு டம்ளருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் அக்கா. கண்ணில் பட்டதை இனி கேட்காமல் விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

சொதி விஷயத்தை மட்டும் மறக்கவில்லை. அதை நேரில் வந்துதான் கேட்பேன். இப்போதைக்கு அவசரமில்லை.

உன் கொழுந்தன் பெண்டாட்டி,
செல்வியின் சித்தி,
மாடத்தி