கிளட்ச் இல்லாத காரில் ஒரு பொத்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? நான் நலம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விடுதிக்கு வந்திருக்கும் வெளிநாட்டுக் காரில் கிளட்ச் இல்லை. ‘பவர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முந்தும்போது அதை அழுத்தினால் கியர் தானே குறைந்து வேகம் கூடும் என்று ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து டிரைவர் சவரியார் அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். நேற்று அரியலூர் சாலையில் லாரியை முந்த அழுத்தினார். முந்திவிட்டோம், ஆனால் என்ஜின் அலறியது.

“வண்டிய ஒடச்சிட்டியேய்யா! யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார் எங்கள் விடுதி மதர்.

“நானாத்தான் அமுக்குனேங்க மதர்.”

பின்சீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அண்ணனுக்கு வேலை போய்விடுமாம்.

மேட்டில் கியரைக் குறைத்தால் உங்கள் லாரியும் அலறுமே, அது தவறா? எனக்குப் புரியவில்லை. தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது. நீங்களே கொண்டுவந்து, வண்டி உடையவில்லை என்று மதரிடம் சொல்லுங்கள். இல்லை, சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று காலையில் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வாருங்கள்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மரிய புஷ்பம்