கண்ணில் படக்கூடாத மெயில்கள்

அன்புள்ள ஐஸ்கட்டிக்கு,

இங்கே நான் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டில் நலம்தான் என்று எழுத ஆசை. ஆனால் போனை எடுக்காமல், மெசேஜுக்குப் பதில் போடாமல் இருப்பவளை எப்படி நலம் என்று நம்புவது? அதனால்தான் தாளில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். உன் அண்ணி உறையைக் கையில் கொடுத்தால் பிரிக்காமல் வைக்க உனக்கு மனம் வராது.

நம் மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. காலையும் மாலையும் நானே போய் வெப்பநிலையைப் பார்த்து எழுதிவிட்டு வருகிறேன். கதவுக்குப் பின்னால் உன் நீல ஸ்வெட்டர் தொங்குகிறது. மேலாளர் அதைத் தூக்கிப் போடச் சொன்னார். சரி சார் என்றேன், போடவில்லை. குளிரூட்டும் இயந்திரம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, மாற்று இயந்திரம் வேண்டும் என்று நீ தலைதலையாய் அடித்துக்கொண்டபோது அவர் காதிலேயே வாங்கவில்லை. மருந்தெல்லாம் கெட்டுப்போனதும், நீ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதாக அத்தனை பேர் முன்னாலும் கூசாமல் சொல்லி உன்னை வேலையை விட்டு அனுப்பினார். அந்த முகத்துக்குத்தான் நான் தினமும் வணக்கம் சொல்கிறேன். வயிறு எரிகிறது.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டு நீ அவருக்கு மெயில் மேல் மெயில் போட்டாய் அல்லவா? ஒருநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "அவ பேர்ல வர்றது எதுவும் என் கண்ணுல படக்கூடாது. அதுக்கு ஏதாவது பண்ணும்மா" என்றார். தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரவும் வைத்தார்.

யார் அனுப்பியது என்று பார்த்து மெயிலைத் தானாகவே பிரித்துப் போட அவர் மெயில் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. இன்னாரிடமிருந்து வந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று ஒருமுறை விதி எழுதிவிட்டால் போதும். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதானே சொன்னார், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று சொல்லவில்லையே. உன் பெயரில் எது வந்தாலும் தலைமை அலுவலகத் தணிக்கை அதிகாரிக்கு ஒரு நகல் போய்விட்டு, பிறகு குப்பையில் விழும்படி எழுதினேன். நகல் போவதும் மேலாளர் கணக்கிலிருந்தே. முடிஞ்சது சார் என்றேன். கெட்டிக்காரி என்று பாராட்டினார்.

அவசரத்தில் ஒரு பிசகு நடந்துவிட்டது. உன் மெயில் முகவரியைப் போடாமல் பெயரை மட்டும் போட்டுவிட்டேன். பழைய காலத்துப் பெயர் என்று நீ அலுத்துக்கொள்வாயே, அதே பெயர்தான் அவருடைய மாமியாருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா மருமகனுக்கு எழுதியதெல்லாம் நேராகத் தணிக்கைக்குப் போயிருக்கிறது. மாமியாருக்குப் பதில் போடாத மாப்பிள்ளை என்று வீட்டில் ஒரே ரகளையாம்.

நேற்று அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மாதிரியான அம்மா, குரலே உயர்த்தவில்லை. மாமியாரின் மெயில் ஒன்றை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை கிடங்கிலிருந்து அனுப்பிய புது இயந்திரத்தால் எங்கள் பூக்கடையில் பூ வாடுவதே இல்லை, சத்தம்தான் கொஞ்சம் அதிகம், ஆள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. நீ கேட்ட மாற்று இயந்திரம் வந்திருக்கிறது, பூக்கடைக்குப் போயிருக்கிறது! இதை நீங்களேதானே எனக்கு அனுப்பினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது மேலாளர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேநீர்க் கோப்பைகளோடு நான் அங்கேதான் நின்றேன். என் மனம் குளிர்ந்துபோனது. மேலாளர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நீ அழுதுகொண்டு போன அதே வாசல் வழியாகப் போவதையும் நான் பார்க்க வேண்டும்.

ஆனால் உன் கடைசி மெயிலும் அதிகாரியிடம் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டது நான்தான் என்று எழுதித் தருகிறேன், அனுபவச் சான்றிதழை மட்டும் கொடுத்து என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த விதிக்கு என்ன தெரியும்? அனுப்பியது யார் என்று பார்க்கும், என்ன நிலைமையில் அனுப்பினாள் என்று பார்க்காது. மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மெஷின் வேற விஷயம் மேடம். கதவைத் திறந்தது அவதான். அவளே ஒத்துக்கிட்டா பாருங்க" என்கிறார். மாதக் கடைசியில் விசாரணை. அதற்குள் நீயே மறுத்து எழுதாவிட்டால் பழி உன் மேல்தான் நிற்கும் என்று அதிகாரி என்னிடம் தனியாகச் சொன்னார். அவருடைய முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நேராக அவருக்கே அனுப்பு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மேலாளர் இதுவரை கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைக்கிறார். கண்டுபிடித்தாலும், நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன் சார் என்பேன்.

போனால் போகட்டும் என்று விட்டுவிடுவது உன் குணம். இந்த ஒருமுறை பொல்லாதவளாக இருடி. நான் திறக்கவில்லை என்று ஒரே வரி எழுது, போதும். என்னை விட்டுவிடுங்கள் என்ற அந்த வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்காராதே, அண்ணி பக்கத்தில் இரு. எழுத முடியவில்லை என்றால் எழுதவும் வேண்டாம், அந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போனை மட்டும் எடு.

என்றும் உன்,
முன்னறை மேசைக்காரி