ஸ்கிரீனில் வராத கட்டை

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தங்கை தனுஜா மூவரும் முருகன் புண்ணியத்தில் சுகம்தான், நீ ஆஸ்திரேலியாவில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசினால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், தனுஜா இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள். மழை விடவில்லை, கோலா தெர்லா ரோட்டில் மண் சரிந்து காய்கறி லோரிகள் வரிசையாக நிற்கின்றன, அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. திங்கள்கிழமையிலிருந்து சுரங்கத்துக்குள் தனியாக லோரி ஓட்டப் போகிறேன் என்றாய், பாறையை ஏற்றிக்கொண்டு பூமிக்குள்ளிருந்து மேலே ஏறுகிற பாதை என்றாய். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகியதில் முதல் மார்க் வாங்கினாயாம், ஒரு தடவை பிரேக் போய்ச் சுவத்துல மோதிட்டேன்ப்பா, பட்டனை அமுக்குனா மறுபடியும் முதல்லேர்ந்து வந்துச்சு லா என்று சிரித்தாய். உனக்குச் சிரிப்பு, எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை அம்மா. உள்ளே நெருப்புப் பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்று காட்ட யாரும் நிஜமாகத் தீ வைக்க முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் போன வாரம் நம் எஸ்டேட்டில் நடந்ததைக் கேள். புது டிரைவர் தினேஸ்வரன், அவனும் டவுனில் கம்ப்யூட்டரில் பழகி வந்தவன்தான், தேயிலைக் கொழுந்து மூட்டைகளோடு தராசு மேட்டில் லோரியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போடுகிற கெலிண்டான் கந்தன் அன்று லீவு. லோரி பின்னாலேயே உருண்டது, தராசுக்குப் பக்கத்தில் நின்ற செல்லம் அக்கா துள்ளி விலகியதால் பிழைத்தார். நான் சத்தம் போட்டேன், அவன் முகம் வெளுத்துப்போய், ஸ்கிரீன்ல கட்டையே வரலையே அங்கிள் என்றான். அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை.

கெலிண்டானாகக் கட்டை போட்டுப் பழகிய பிறகுதான் ஸ்டியரிங் என்பது நம் வழக்கம், ஆள் பற்றாக்குறையில் துரை அதை விட்டுவிட்டார். நீ இந்த மேட்டில் ஓட்டப் பழகியபோது நானே கட்டையைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் நடந்தேன், டிரைவர் நல்லுசாமி மகளுக்குக் கெலிண்டானாயிட்டாரு என்று லயத்துச் சனமே சிரித்தது, ஞாபகம் இருக்கிறதா. அங்கேயும் கேட்டால் பழைய டிரைவர் ஒருவரை இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்று நீதான் சொன்னாய், கேட்டா ஆம்பளைங்க சிரிப்பாங்கப்பா என்றும் நீதான் சொன்னாய். சிரிக்கட்டுமே. என்னைப் பார்த்தும் சிரித்தார்கள், நீ பத்திரமாக மேடு ஏறினாய்.

திங்கள்கிழமைக்கு முன்னால் கேட்டுவிடு, கேட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், அதற்கப்புறம்தான் அம்மா தூங்குவாள், நானும்தான். திருநீறு பூசாமல் உள்ளே இறங்காதே. நூறு வயது நன்றாக இருப்பாய் கண்ணு.

இன்னும் கட்டையோடு உன் பின்னால் நிற்கும்
அப்பா
நல்லுசாமி