நத்தைக்காரர் வரைந்த கூட்டம்

நகக்கண்ணில் ஏறிய கரி இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டேன், தேங்காய் நாரால் தேய்த்தேன். காலையில் அரிசி களையும்போது வெள்ளைத் தண்ணீருக்குள் அந்தக் கறுப்பு நகங்களைப் பார்த்ததும், உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

நேற்று வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் என் மகளைத் தொலைத்துவிட்டேன். உனக்கு அவளைத் தெரியாது. நீ காமாலையில் கண்மூடிய அடுத்த வருடம் பிறந்தாள். நாலு வயது.

மெழுகுவத்தி வாங்கக் கையை விட்டேன், அவ்வளவுதான். மாமியார், "உன் கையிலதானம்மா இருந்துது?" என்றார். அவர் கையைப் பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். போலீஸ்காரர் கேட்டார், "இன்னா கலரு கவுனு?"

"மஞ்சள். பூப்போட்டது."

அவர் கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினார். இந்தக் கோடைக்குக் கடைத்தெருவில் வந்திறங்கிய அதே மஞ்சள் சீட்டித் துணியில் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்திருந்தார்கள். ராட்டினத்தில் மஞ்சள், பலூன்காரரிடம் மஞ்சள், அப்பாக்களின் தோள்மேல் மஞ்சள். ஒவ்வொன்றாக ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வேறு முகம்.

"மூஞ்சி எப்புடிமா இருக்கும்?" என்றார் போலீஸ்காரர்.

"உருண்டை முகம். சுருட்டை முடி." சொல்லும்போதே அது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் என்று தெரிந்தது. பின்னால் யாரோ மெதுவாக, "கொளத்தாண்ட பாத்தீங்களா?" என்றார்கள். அதற்குப் பிறகு நான் குளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மாமியார் மட்டும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இரைச்சலில்தான் நம் நத்தைக்காரர் நினைவுக்கு வந்தார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் உன் பெரியப்பா மார்சேயிலிருந்து கப்பலில் அனுப்பிய படக்கதைப் பத்திரிகைகள் நிற்கவில்லை. சணல் கயிறு போட்ட அந்தப் பத்திரிகைக் கட்டை, காலேஜுக்குப் போகும் ரயிலில்தான் பிரிப்போம். கட்டத்தின் மூலையில் கையெழுத்துக்குப் பதில் ஒரு நத்தை போடுகிறவரின் கதையை மட்டும் முதலில் எடுப்பாய். ஒல்லியான தபால்காரர்தான் அவருடைய கதாநாயகன். நான் கதை படிப்பேன். நீ கோடுகளைப் படிப்பாய்.

"மழைய பாருடி, சாய்ச்சி சாய்ச்சிக் கோடு. எங்க பெரியப்பா வூட்டு ஜப்பான் தேயிலை டப்பாவுல இருக்கே, அதே மழை. இவுரு அந்தப் படங்கள எங்கியோ பாத்திருக்காரு."

"ஓரத்துல இவ்வளோ தடிக் கோடு எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"கோயில் கண்ணாடி சன்னல்ல ஈயப் பட்டி ஓடுதுல்ல, அது. சின்ன வயசுல பூசை நேரத்துல சாமிய பாக்காம சன்னலயே பாத்துக்கினு இருந்திருப்பாரு."

உனக்கு எப்படித் தெரியும் என்றால், "கோடு சொல்லுது" என்பாய். எதிர் சீட்டுக்காரர்கள் நம்மைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் வரைந்த சந்தைக் கூட்டங்கள்தான் நமக்குப் பந்தயம். எள்ளளவு மனிதர்களுக்கு நடுவே தபால்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் முகம் முகமாகத் தேடித் தோற்பேன். நீ முதுகைக் காட்டி நிற்கும் ஒரு புள்ளியில் விரல் வைப்பாய். பை தொங்கித் தொங்கி ஒரு தோள் இறங்கிய சாய்வு, அவரேதான். "முகம் அப்புறம்டி. நிக்கிறத பாரு, நடக்கிறத பாரு. அவுரு அதத்தான் மொதல்ல போடறாரு."

நேற்று நான் நின்ற இடத்தில், வடை போடுகிறவளின் அடுப்போரம் அணைந்த கரி கிடந்தது. திருவிழாவுக்காக வெள்ளையடித்த சத்திரத்துச் சுவர் எதிரில். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கரியை எடுத்து அதில் வரைய ஆரம்பித்தேன். முதலில் முகத்தைத்தான் போட்டேன். யாரோ ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. உள்ளங்கையால் அழித்தேன்.

"கொயந்தய காணோம், படம் போடற நேரமா இது? படிச்ச பொண்ணு பண்ற வேலய பாரு." என்றார் மாமியார். அவர் சொன்னது சரியோ என்று எனக்கும் பட்டது. இந்த நேரத்தில் தண்ணீருக்குள்...

அழித்த இடத்திலேயே முதுகைப் போட்டேன். வயிறு முன்னால் தள்ளி, தலை குனிந்து, இரண்டு கையும் பின்னால் கட்டி அவள் நடக்கிற நடை. அவள் தெருவில் வந்தால், ஊர்த் தலைவரையே கண்டதுபோல் என் வீட்டுக்காரர், "கொம்யூன் மேர் வராரு, எழுந்து நில்லுங்க" என்பார். ஐந்தாறு கோடுதான். கவுனுக்குப் பூக்கூடப் போடவில்லை.

காலிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தி நின்றாள். "அய்ய, கெயவன் மாரி கைய பின்னால கட்டிக்கினு போச்சே ஒண்ணு, அதா? வண்டி அவுத்துப் போட்டிருக்காங்கல்ல, அங்க மாட்ட பாத்துக்கினு நிக்கிது. ஏதோ வெல பேச வந்தா மாரி."

ஓடினேன். மாடுகளுக்கு நடுவே, அதே முதுகு. திரும்பிப் பார்த்து, "ஏம்மா இம்மா நேரம்?" என்றாள்.

மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் சத்திரத்துச் சுவர் முன்னால் நின்றார். சத்திரத்துக் காவல்காரர் படத்தைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தார். "இருக்கட்டும்பா, அழிக்காத" என்றார் மாமியார்.

இன்று முழுக்க அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சிணுங்குகிறாள். பயம் இன்னும் இறங்கவில்லை.

உன்னிடம் சொல்லாத இன்னொரு பயமும் இருந்தது. உன் போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. இரண்டு வருடமாக உன் முகம் எனக்குச் சரியாக வருவதில்லை. மூக்கு வந்தால் கண் போய்விடுகிறது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்று மத்தியானம் அடுப்படித் தரையில் மீதிக் கரியால் போட்டுப் பார்த்தேன். ரயிலடி. ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மறு கால்மேல் வைத்து, மூக்குக்கு நேரே பத்திரிகையைப் பிடித்து, வண்டி வந்துவிட்டதுகூடத் தெரியாமல் முதுகு காட்டி நிற்கிறாய். நீயேதான். எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

மகள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இந்த அக்காக்கு மூஞ்சி போடும்மா."

"முகம் அப்புறம்டி" என்றேன்.