துக்க பேனரில் சிரித்த முகம்

ஃபிரெடி கண்ணா, பெரிய நியூஸ்டா, நடந்துகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி, உன் சாராள் பெரியம்மா கவுன்சிலர் பதவியே வேண்டாம் என்று ராஜினாமா பண்ணப் போகிறார்கள்!

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். வாய்ஸ் நோட் அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடுவாய், அதனால்தான் இன்றைக்கு ரீல்ஸ் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு ஒரே விரலால் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. வில்பிரட் பெரியப்பா அடக்கத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, லைவில் பார்த்தாய். நீ பார்த்தது சர்ச்சும் கல்லறையும்தான். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு வந்த வழியில் நடந்தது உனக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

தெருமுனையில் மளிகைக் கடைக்கு மேலே ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். வைத்தது வெற்றிவேல், எலெக்‌ஷன் நேரத்திலிருந்து பெரியம்மா கூடவே சுற்றுகிற பையன், தங்கமான பையன்தான். ஆனால் நம் ஏரியாவில் காதுகுத்தானாலும் சாவானாலும் பேனர் என்றால் தலைவர் படம்தானே பெரிதாக வரும், அந்தப் பழக்கத்தில் பிரிண்டிங் கடைக்காரர் தன்னிடம் இருந்த எலெக்‌ஷன் படத்தையே எடுத்துப் போட்டுவிட்டார். மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து, கீழே ஆள் உயரத்துக்கு உன் பெரியம்மா, பட்டுப்புடவையில், கை கூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. செத்துப்போன பெரியப்பா ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள், சட்டைப் பித்தான் அளவுக்கு. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது, நம் சர்ச் ஜனம்தான். வெற்றிவேல் ஓடி வந்து, டீச்சர், சத்தியமா நான் பாக்கல டீச்சர், பழைய படத்த வெச்சே அட்ச்சிட்டான், இப்பவே அவுத்துட்றேன் என்று அழுதான். நீ ஹோம்வொர்க் பண்ணவில்லை என்று சொந்தத் தங்கை மகன் என்றும் பார்க்காமல் உன்னை கிளாஸ் வாசலில் நிற்க வைத்தவர்கள் இல்லையா, இவனை விட்டு விளாசப் போகிறார்கள் என்று நினைத்தேன். விளாசியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர்கள் அவனைப் பார்த்துக் கை கூப்பி, பரவாயில்லப்பா, உங்க அன்புக்கு ரொம்ப நன்றி என்றார்கள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, கை மட்டும் தானாகக் கூப்புகிறது. பேனரில் இருந்த அதே கூப்பல்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் படம் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. புருஷன் போனாலும் பிரசாரம் நிக்கல என்று எழுதிப் போட்டது அந்த ஃபிளாட் செக்ரட்டரி சிட்டிபாபு. காலையில் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, ஐஸ் பெட்டி பக்கத்திலேயே நின்று, மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, எங்க பிளாக் டிரெய்னேஜ மட்டும் கொஞ்சம் என்று இழுத்தவரும் அவர்தான். அக்கா ஒரு கையை அந்தப் பெட்டிமேல் வைத்துக்கொண்டே, பாக்கறேன் சார் என்றார்கள். நான் விடுவேனா? சாராள் டீச்சர் ரசிகர் மன்றம் என்று பேஜ் ஆரம்பித்தவளே நான்தானே, கமெண்டில் இறங்கிச் சண்டை போட்டேன், என்னைக் குரூப்பை விட்டே தூக்கிவிட்டார்கள். போகட்டும். ஆனால் பின்தெரு எல்லம்மாவும் அதை ஃபார்வர்டு பண்ணியிருந்தது தெரிந்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை, நேரே வீட்டுக்கே போய், ஏன்க்கா, நீயும்தானே ஓட்டுப் போட்ட என்று கேட்டேன். அது கோபமே படவில்லை. போட்டேன், இல்லன்னு சொன்னனா? டீச்சரா இருக்க சொல்லோ அது தெருவுல வந்தா நான் எழுந்து நிப்பேன். ஓட்டு கேட்டுகினு வந்து என் கைய புட்ச்சிகினு நின்னுச்சு பாரு, அன்னிக்கே அது நம்மள மாரி ஆயிட்ச்சு. இப்ப ஒரு கையெழுத்துக்கு நான் அது வாசல்ல போய் நிக்கணும்னா மன்சு ஒத்துக்குமா, நீயே சொல்லு என்று கேட்டுவிட்டு, கை நிறைய முருங்கைக்காயும் கொடுத்து அனுப்பியது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன் கண்ணா. நம்மிடம் வந்து கெஞ்சினவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, நாம் போய்க் கெஞ்ச வேண்டியவர்களை மன்னிக்க முடியவில்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் மரியாதை எங்கே போய் உட்காரும்? திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் ஓட்டுப் போடுகிறோமோ என்றுகூடத் தோன்றுகிறது. முன்னால் கவுன்சிலராக இருந்தவர்கள் பண்ணினது எல்லாம் அக்கா தலையில்தான் விழுகிறது, அதுவும் உண்மை. அக்கா பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. டீச்சராக இருந்தவரை முடியாது என்றால் முடியாதுதான், அதற்கே பாதிப் பேர் பயந்து மதித்தார்கள். ஜெயித்த பிறகு அந்த வார்த்தையே அவர்கள் வாயில் வரவில்லை, எல்லாருக்கும் பாக்கறேன், பாக்கறேன். முடியாததற்கும் பாக்கறேன் என்றால் ஜனம் எதை நம்பும்?

நேற்று அக்காவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிடவில்லை. ஜோஸ், எல்லாரும் என்னக் கிண்டல் பண்றாங்கன்னு நீ சண்ட போடாத, அந்த பேனர்ல இருக்கறது நான்தான், பொய்யில்ல, அவர் உள்ள இருமிக்கிட்டுப் படுத்திருந்தப்ப நான் வாசல்ல அப்படித்தான் சிரிச்சிட்டு நின்னேன், தண்ணி கேட்டா, இருங்க, ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன் என்றார்கள். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் முப்பதாம் நாள் ஜெபம், அது முடிந்து திங்கட்கிழமை கார்ப்பரேஷனில் போய் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். நான் தடுக்கவில்லை. விடுவதும் இருப்பதும் அவர்கள் இஷ்டம். ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் தான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு விடக்கூடாது, அதுதான் எனக்குக் குத்துகிறது.

அதனால் ஒன்று செய். உன் ஸ்கூல் கிளாஸ் குரூப்பில் இந்த ஜெபத்தைப் பற்றிப் போடு, எல்லாரும் அக்காவிடம் படித்தவர்கள்தானே. குரோம்பேட்டையோ கூடுவாஞ்சேரியோ, பக்கத்தில் இருக்கிறவர்கள் நேரே வரட்டும், உன்னை மாதிரி தூரத்தில் இருக்கிறவர்கள் வீடியோவில் வரட்டும். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போனவனுக்கெல்லாம் பெரியப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பாரே, அந்த மாதிரி அவரைப் பற்றி யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொன்னால் போதும். நீ கட்டாயம் பேசு. ஏசியில் தலைக்குக் குளித்துவிட்டு உட்காராதே, சளி பிடிக்கும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், தினமும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம்.

எத்தனை பேர் வருவார்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது. யாரும் வர மாட்டாங்க, பத்து நாற்காலி போதும் என்கிறார்கள் அக்கா. வாடகைக் கடையில் நான் இன்னும் எண்ணிக்கை சொல்லவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா ஜோசலின்
பம்மல்