இடது பக்கப் பின் ஸ்பீக்கர்

அக்டோபர் 3, வெள்ளி

ரீமின் அறைக்கு வெள்ளையடித்து முடித்தேன். மகள் கல்யாணமாகி போர்ட் சயீதுக்குப் போன பிறகு அங்கே வெங்காய மூட்டையும் காயப்போட்ட துணியும்தான் குடியிருந்தன. இனி அது என் மனைவி சுஹைரின் தியேட்டர்.

கல்யாணமான நாளிலிருந்து வியாழக்கிழமை என்றால் எங்களுக்குப் படம். அவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் “படி ஏறக் கூடாது” என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டார். நாங்கள் இருப்பதோ ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நீ இறங்க வேண்டாம், தியேட்டர் மேலே ஏறி வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

கணக்கு வாத்தியார் தன் பழைய புரொஜெக்டரைத் தந்தார். சுவரில் படம் அழகாக விழுகிறது. சத்தம்தான் கண்றாவி.

“இவன் வசனம் பேசறானா, தகரத்துல ஆணி அடிக்கிறானா?” என்றாள் சுஹைர்.

ஸ்பீக்கர் வாங்க வேண்டும். ஒரு பூகோள வாத்தியாரின் சம்பளத்துக்குள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சுக்ரிக்குப் போன் செய்தேன். சுஹைரின் தம்பி, மன்ஷிய்யா கடைத்தெருவில் ஹாஜி பஹ்கத்தின் கடையில் இந்தச் சாமான்கள்தான் விற்கிறான். “அத்தான், நீங்க வெளில எங்கயும் அலையாதீங்க. மத்தவன் உங்க தலையில மிளகாய் அரைச்சிடுவான். நான் இருக்கேன்ல?” என்றான். கோடையில் அவனுக்கும் நெர்மினுக்கும் கல்யாணம். இப்போதே மாப்பிள்ளை முறுக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளி விட்டு நேரே கடைக்குப் போனேன். என் கண் போனது ஆளுயரத்துக்கு நின்ற ஒரு ஜோடி மேல். கறுப்பு, பளபளப்பு, விளிம்பில் நீல விளக்கு வேறு. சுக்ரி முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“விளக்குக்கா காசு குடுப்பீங்க? அதுல கேக்கறது பாதி வெறும் பெட்டிச் சத்தம். இங்க பாருங்க, இது சின்னது, பேரு தெரியாத கம்பெனி, ஆனா நடுவுல வைக்கிற ஸ்பீக்கர் நல்லா இருக்கு. படத்துல பேச்சு முழுக்க அதுலதான் வரும். பின்னாடி வைக்கிற ரெண்டும் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. மழை, காத்து, குதிரை ஓடறது — அவ்வளவுதான் அதுங்க வேலை.”

“முதலாளி கேட்டா என்ன சொல்லுவே?”

“அத்தான் கஞ்சன்னு சொல்லிடறேன்.”

சின்னதையே வாங்கினேன். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, தரையில் வைக்க அதிர்வுக்கு ஒரு பெட்டி. நாளைக்கு அவனே தூக்கிக்கொண்டு வருகிறானாம்.

அக்டோபர் 10, வெள்ளி

வந்தான். ஐந்து மாடியும் மூச்சிரைக்க ஏறி, சோபாவில் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வரும் என்று நூல் கட்டிப் பார்த்து, சுவரில் துளை போட்டு மாட்டினான். சுஹைர் முலூகிய்யாக் கீரையும் முயல் கறியும் செய்திருந்தாள்.

படத்தில் மழை வந்தது. சுஹைர் சட்டென்று பின்னால் திரும்பி, “ஐயோ, ஜன்னலைச் சாத்தலையா?” என்றாள். சுக்ரி தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் எனக்கு மழை அப்படி ஒன்றும் சுற்றிப் பெய்யவில்லை. வலது பக்கம் மட்டும்தான் பெய்தது. பழகினால் சரியாகும்.

அக்டோபர் 16, வியாழன்

பழகவில்லை. இடது பின் ஸ்பீக்கர் ஊமை. ஒயரை மாற்றினேன், சத்தத்தைக் கூட்டினேன். சுஹைர் வறுத்த பூசணி விதை கொறித்துக்கொண்டே, “நல்லாத்தானே கேக்குது?” என்கிறாள். தம்பி விற்ற சாமான், வேறு என்ன சொல்வாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

இந்த வருடம் பையன்கள் ஆச்சரியமாக அடங்கியிருக்கிறார்கள். ஜன்னலோரத்து வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு கிடையாது. தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சுக்ரி வந்து பார்த்தான். பின்னால் இருந்த இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். அப்போதும் இடது பக்கம் ஊமைதான்.

“ரெண்டுமே பேசுது அத்தான்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அதில்ல. நீங்க கொஞ்சம் இப்பிடித் திரும்பி உக்காருங்க.”

திரும்பி உட்கார்ந்தேன். அவன் என் பின்னால் போய் நின்று என்னமோ செய்தான். முன்னால் வந்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. “அத்தான், நீங்க ஒரு தடவை—” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அக்காவோடு சமையலறையில் குசுகுசுவென்று பேசிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

திருட்டு முழி. மட்டமான சரக்கு என்று அவனுக்கே தெரியும் போலிருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

காதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாமே என்கிறாள் சுஹைர். காதுக்கு! எனக்கு! “உன் தம்பி விக்கிற குப்பைக்கு என் காதை அறுக்கணுமா?” என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 1, சனி

கடைக்குப் போனேன். பெட்டிகளைத் தூக்க வாசல் காவல்காரரைக் கூட்டிக்கொண்டேன். கடையில் நல்ல கூட்டம்.

கோபத்தில் போனேன், கோபத்தில்தான் பேசினேன். சொந்த அத்தான் தலையிலேயே கட்டினாயே, மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டேன். சாமான் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹாஜி பஹ்கத் எழுந்து வந்தார். “என்னடா சொல்றார் உஸ்தாத்? நீ போட்டுப் பாக்கலையா?”

சுக்ரி என்னைப் பார்த்தான். அங்கேயே ஒயரை மாட்டிப் போட்டுக் காட்டுவான் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான் ஹாஜி. சரியாப் பாக்காம குடுத்துட்டேன்” என்றான்.

ஒப்புக்கொண்டுவிட்டான். பணம் திரும்ப வந்தது. ஜெயித்தது மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சுக்ரியைக் கடையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். சுஹைர் என்னோடு பேசவில்லை. அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் — தப்புச் செய்தவன்தானே?

நவம்பர் 13, வியாழன்

வேறு கடையில், தவணைக்கு, அந்த ஆளுயரக் கறுப்பு ஜோடியே வந்துவிட்டது. பின்னால் வைக்க அதோடு சேர்ந்த இரண்டு. கடைக்காரனே ஆள் அனுப்பி மாட்டிக் கொடுத்தான். நீல விளக்கு எரிகிறது.

இடது பக்கம் ஊமை.

நவம்பர் 14, வெள்ளி

அறையின் அமைப்பு அப்படியோ? சுவர் ஈரமோ? சோபாவை நகர்த்திப் போட்டேன். திரை பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். இப்போது வலது பக்கமிருந்த ஸ்பீக்கர் ஊமையாகி, இடது பக்கத்தது பேசியது.

சோபாவைப் பழையபடி திருப்பிப் போட்டேன். சுஹைரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ராஸ் எத்தீன் தெருவில் தண்டவாளத்தைத் தாண்டும்போது யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். மூக்குக்கு முன்னால் டிராம் போனது. இழுத்தவர் மீன் கூடைக்காரர். “எவ்வளவு நேரமா மணி அடிக்கிறான், செவிடா நீ?” என்று திட்டினார். திட்டியதெல்லாம் நன்றாகக் கேட்டது. அவர் நின்றது வலது பக்கம்.

வீட்டுக்கு வந்து சுஹைரிடம், “என் இடது பக்கம் நின்னு மெதுவா ஏதாவது சொல்லு” என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். “சொல்லேன்” என்றேன். கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“மூணு தடவை சொல்லிட்டேங்க.”

நவம்பர் 22, சனி

டாக்டர் இளவயதுக்காரர். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வலது காதுக்குக் கை ஏறி ஏறி இறங்கியது. இடது காதுக்கு மடியிலேயே கிடந்தது.

கோடை முடிவில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். செப்டம்பரில் ஜலதோஷம் பிடித்தது. ஒரு நாள் காலையில் அந்தக் காதில் கெண்டி கொதிப்பது மாதிரி ஒரே சீட்டி; தலை சுற்றல். பஞ்சை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிறகு சீட்டி நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன். நின்றது சீட்டி மட்டும் இல்லை.

“அந்த முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். திரும்பியிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம்” என்றார். இப்போது? இப்போது ஒன்றும் இல்லை. வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

ஜன்னலோரத்து வரிசை — பாவிப் பையன்கள், எவ்வளவு பேசியிருப்பார்கள்!

அதே நாள், சாயங்காலம்

சுஹைர் டீ கொண்டுவந்து வைத்தாள். வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

“சுக்ரிக்கு அன்னைக்கே தெரியும். உங்க பின்னாடி நின்னு இந்தப் பக்கம் ஒரு சொடக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடக்கு போட்டுப் பாத்தானாம். அடுப்படில வந்து, ‘அக்கா, அத்தானுக்கு ஒரு காது கேக்கலை, பக்குவமாச் சொல்லி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ’ன்னான். நான் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

“கடையில ஏன்டி அவன் வாயைத் திறக்கலை? போட்டுக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே!”

“நானும் அதையேதான் கேட்டேன். ‘அத்தனை பேர் முன்னாடி அத்தான் செவிடுன்னு என் வாயால எப்பிடிக்கா சொல்றது, வாத்தியார் வேலை பாக்கறவரு, அந்தக் கூட்டத்துல அவரோட மாணவன் எவனாவது நிப்பான்’னான்.”

டீ ஆறிப்போயிற்று. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

நவம்பர் 24, திங்கள்

ஹாஜி பஹ்கத்தைப் பார்க்கப் போனேன். கடையில் அன்றும் கூட்டம் இருந்தது, அதுவும் நல்லதுதான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: ஸ்பீக்கர் மேல் குறை இல்லை, குறை என் காதில், சுக்ரி உங்களிடம் பொய் சொன்னது எனக்காக.

ஹாஜி தாடியைத் தடவினார். “அந்தப் பெட்டி அடுத்த நாளே வித்துப்போச்சு உஸ்தாத். வாங்கினவங்க ஒரு குறையும் சொல்லலை. எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது.” பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற புது ஆளைக் காட்டினார். “அவனுக்கும் ரெண்டு குழந்தைங்க. இப்ப அவனை எப்பிடிப் போகச் சொல்லுவேன்?”

நவம்பர் 25, செவ்வாய்

சுக்ரி பென்காஸிக்குப் போய்விட்டானாம். வெள்ளிக்கிழமையே. சல்லூம் எல்லை வழியாக, லாரியில், கட்டட வேலைக்கு. அக்காவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறான். நான் காதுக்குக் கண்ணாடி அறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் எல்லையைத் தாண்டியிருக்கிறான்.

டிசம்பர் 5, வெள்ளி

சுக்ரிக்கு நிச்சயித்திருந்த நெர்மினின் அப்பாவைப் பார்த்தேன். பேக்கரியில் மாவு படிந்த கையோடு நின்றபடியே கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

“பையன் மேல எனக்கு என்னைக்கும் கோபம் இல்லை உஸ்தாத். வேலை போனதும் அவனே வந்து நிச்சய மோதிரத்தைத் திருப்பிக்கறதைப் பத்திப் பேசினான். ‘என்னால எப்பன்னு சொல்ல முடியலை, உங்க பொண்ணைக் காக்க வைக்கக் கூடாது’ன்னான். நெர்மின் ரொம்ப அழுதா. இப்ப அவ மாமா பையனுக்குப் பேசி முடிச்சாச்சு. ஃபாத்திஹாவும் ஓதியாச்சு.”

கிளம்பும்போது சூடாக ஐந்தாறு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

டிசம்பர் 18, வியாழன்

கடலில் புயல். ஜன்னல் எல்லாம் அடித்துக்கொள்கிறது. படம் போடவில்லை. அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. வெங்காய மூட்டை மறுபடியும் உள்ளே போயிருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

பென்காஸியிலிருந்து சுக்ரி. சுஹைர் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். 

“சாப்பாடெல்லாம் எப்பிடி?” என்றேன்.

“இருக்கு அத்தான். மக்ரோனி, தினமும் மக்ரோனி.”

“மாப்ளே, நான்...”

“காதைப் பாத்துக்குங்க அத்தான். குளிர்ல துணி சுத்திக்கிட்டுப் போங்க.”

லைன் போய்விட்டது. அல்லது வைத்துவிட்டான்.

பிப்ரவரி 2, திங்கள்

பையன்களிடம் சொல்லிவிட்டேன், என் இடது காது கேட்காது என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஜன்னலோரத்துக்காரன் ஒருத்தன் வந்து, இத்தனை நாள் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். மன்னிப்புக் கேட்பது அவனுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மார்ச் 20, வெள்ளி

பெருநாள். தொழுகை முடிந்து வந்தால் வாசலில் சுக்ரி. மெலிந்து, கறுத்து, கை முழுக்க சிமெண்ட் வெடிப்பு. சுஹைர் கத்திய கத்தலில் மாடிப்படி முழுக்கக் கதவு திறந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன்தான் வந்து கையைப் பிடித்தான். “பெருநாள் வாழ்த்து அத்தான்.”

“என்னை மன்னிச்சிடுடா” என்றேன். எல்லோர் முன்னாலும்தான். எல்லோர் முன்னாலும்தானே அவனைத் திட்டினேன்.

“விடுங்க அத்தான்” என்றான். கோபமில்லை. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முன்பென்றால் நாலு கிண்டலாவது வந்திருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

வெங்காய மூட்டையை வெளியே தள்ளிவிட்டு, சுக்ரி அந்த அறையில் உட்கார்ந்துவிட்டான். ஆளுயரப் பெட்டிகளைப் பார்த்து, “கடைசில இதையே வாங்கிட்டீங்களா?” என்று கேட்டான்.  பின்னால் இருந்த இரண்டையும் கழற்றினான். மெஷினில் எதையோ மாற்றி எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி, எனக்கு வலது முன்பக்கத்துக்கே கொண்டுவந்தான்.

“இனிமே மழை உங்களைச் சுத்திப் பெய்யாது. ஆனா ஒரு துளியும் தப்பாது.”

மூன்று பேரும் ஒரு போலீஸ் படம் பார்த்தோம். எல்லாம் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன் கதவைத் தட்டுகிற காட்சியில் சுஹைர் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் கிளம்பிவிட்டான். துணிப் பெட்டியை அவனைத் தூக்கவிடவில்லை. கீழ் வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன். வேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். சுக்ரி என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். இடது பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றான். கன்னத்தில் அவன் மூச்சு பட்டுப் பட்டு நின்றது. என்னமோ சொன்னான். நீளமாகவே சொன்னான்.

நான் தலையை ஆட்டினேன். வேன் போய்விட்டது.

மறந்துபோய் அந்தப் பக்கம் சொன்னானா? இல்லை, எனக்குக் கேட்க வேண்டாம் என்றுதான் அந்தப் பக்கம் சொன்னானா?

சாயங்காலம் இரண்டு தடவை அவன் எண்ணைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.